கோமதியம்மாள் வீட்டு முதல் கறவை

சொரிமுத்துவுக்கு மாடுகளிடம் பயம் இருந்ததில்லை. உதைக்கிற மாடு, முட்டுகிற மாடு, தலைச்சன் கன்று ஈன்று யாரையும் கிட்டே அண்டவிடாத மாடு, எதுவானாலும் அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா நிற்பான். மாடு மூச்சை இறக்கிக்கொண்டு காலை அகட்டிக் கொடுத்துவிடும். மனிதர்களிடம்தான் அவனுக்குப் பயம். எதிரில் நிற்பவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே செத்துப்போகும்.

ஆய்க்குடியில் பிறந்தவன். இலத்தூரில் பெண்ணெடுத்து, மனைவி வள்ளித்தாயோடு தென்காசிக்கு வந்தபோது கையில் ஒரு தொழிலும் இல்லை. கைதான் இருந்தது. அகலமான, மெத்தென்ற கை. கட்டைவிரலை மடக்கிக் காம்பைக் கிள்ளி இழுக்கிற கறவைக்காரர்கள் மத்தியில், முழுக்கையால் பொத்திப் பிடித்து மேலிருந்து கீழே ஒவ்வொரு விரலாக இறுக்கிக் கறப்பவன் அவன். மாட்டுக்கு வலிக்காது. கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கும். அந்தக் கையின் பேர் பரவி, கோயிலுக்குத் தெற்கே இருந்த தெருக்களில் ஒன்பது வீடுகள் சேர்ந்தன. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று.

சுற்று எப்போதும் கோமதியம்மாள் வீட்டில்தான் தொடங்கும். அது எழுதப்படாத சட்டம். பிள்ளைமார் வீடு, கணவர் காலமான பிறகும் நிலபுலன்களைத் தனியாளாகக் கட்டியாண்டவள் கோமதியம்மாள். பின்சந்தில் இருந்த சிறு வீடுகள் நாலும் அவளுடையவை. அவற்றில் ஒன்றில்தான் சொரிமுத்து குடியிருந்தான். அவள் வீட்டில் நின்றது ஒரு சிந்து மாடு. கருஞ்சிவப்பு நிறம், தொங்கு காது, நடந்தால் மடி இரண்டு தொடையிலும் இடிக்கும். தெருவில் வேறெந்த மாடும் அதில் பாதிகூடக் கறக்காது. அந்த மாட்டின் முதல் செம்பு பால் கோமதியம்மாளின் பூஜைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் சொரிமுத்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அடுத்த வீடு பிச்சையா வாத்தியாருடையது. கடைசி வீடு சைதூன் பீவியுடையது.

பத்துக் கன்று போட்டு, பத்து ஈத்துக்கு நின்று கறக்க வேண்டிய மாடு, அந்தத் தெருக்களில் நாலைந்து ஈத்தைத் தாண்டினால் பெரிய காரியம். கருங்கல் பாவிய ஒடுக்கமான தொழுவத்தில் நின்று நின்று ஒன்றுக்குக் குளம்பு அழுகும். ஒன்றுக்கு நாலு தடவை காளைக்கு விட்டாலும் சினை நிற்காது. ஒன்றுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கறக்கிற காலத்தில் மட்டும் கிடைக்கும். பால் மறந்த மாசங்களில் வெறும் வைக்கோல். அடுத்த ஈத்துக்குள் எலும்பாகிவிடும். அப்புறம் தரகர் வருவார். வாலைத் தூக்கிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். மாடு செங்கோட்டை வழியாகக் கணவாய் தாண்டி மலையாளத்துக்குப் போகும். "மலை ஏத்தியாச்சு" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மலை ஏறின மாடு எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொரிமுத்து தினமும் தொட்ட மாடுகள் அவை. ஒவ்வொன்று போகும்போதும் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்காது.

ஐம்பத்தேழாம் வருஷம் சாரல் சீக்கிரமே இறங்கிவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. தென்காசித் தெருக்களில் வெயில் என்பதே இல்லை, பொசுபொசுவென்று தூறிக்கொண்டேயிருந்தது. தொழுவங்களில் சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணீரும் குழம்பிச் சேறாகிக் கிடந்தன. மாடுகள் அதிலேயே படுத்து எழுந்தன.

ஒருநாள் காலையில் பிச்சையா வாத்தியார் வீட்டு மயிலைப் பசு, சொரிமுத்து காம்பைத் தொட்டதும் காலை உதறியது. அது அப்படிச் செய்கிற மாடு இல்லை. மடியைத் தடவிப் பார்த்தான். முன்பக்கம் வலது மடி கொதித்தது, கல் மாதிரி இருந்தது. மெல்லப் பீச்சினான். பாலுக்குப் பதிலாகத் திரிதிரியாக, மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ விழுந்தது.

வாத்தியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவே சொரிமுத்து, பாலு இப்படி வருது?"

"சூட்டுக்கு இருக்கும், அண்ணாச்சி. வெளக்கெண்ணெ தடவுவோம்."

விளக்கெண்ணெய் அவன் வேட்டி மடிப்பிலேயே இருந்தது. சின்னத் தகர டப்பா. கறக்குமுன் விரல் நுனியை அதில் தொட்டுக்கொள்வான், காம்பு வெடிக்காமல் இருக்க. அதைத் தடவினான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொன்னான். பத்து நாளில் மயிலையின் மடியில் பாதி வற்றிவிட்டது. அதன் பிறகு வாத்தியார் வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்குப் பால் போதவில்லை. தரகர் வந்தார்.

மயிலை போன அதே வாரத்தில் மூன்றாவது வீட்டு மாட்டுக்கு மடி வீங்கியது. அப்புறம் ஐந்தாவது வீடு.

மாடுகளுக்கு நோய் வருவது புதிதில்லை. ஆனால் நோய் வந்த வீடுகளைச் சொரிமுத்து மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். அடுத்த தெருவில் வேறொரு ஆள் கறக்கிற மாடுகளுக்கு ஒன்றுமில்லை. சாரல் அங்கேயும்தான் பெய்தது. சேறு அங்கேயும்தான். அங்கே போகாதது ஒன்றே ஒன்றுதான். அவனுடைய கை.

கையில் ஏதோ வந்து ஏறியிருக்கிறது என்று நினைத்தான். செய்வினையா, தெய்வக்குற்றமா, தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் தனியாகக் குற்றாலத்துக்கு நடந்தான். அருவிக்கடியில் எல்லோரும் தலையைக் கொடுத்து நிற்க, அவன் மட்டும் ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழுந்த வேகத்தில் விரல்கள் மரத்துப்போயின. திரும்பி வந்து சாயங்காலச் சுற்றை ஆரம்பித்தபோது பயம் போனது போலக்கூட இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த அவனுடைய சொந்த மாடு, வள்ளித்தாய் தன் தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வளர்த்த கறுப்பி, எழுந்திருக்கவில்லை.

காது சில்லிட்டிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. மடி நாலு பக்கமும் வீங்கிச் சிவந்திருந்தது. வள்ளித்தாய் தொட்டதும் மாடு முனகியது.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டிட்டு வாங்க" என்றாள் வள்ளித்தாய்.

"வேண்டாம். அவுகள்லாம் ஆயிரம் கேள்வி கேப்பாக."

"கேட்டாச் சொல்லுங்க."

"என்னத்தட்டி சொல்ல?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் அவளே இறங்கிப் போனாள்.

டாக்டர் நம்பிராஜன் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளைஞர். சைக்கிளில் வந்தார். கறுப்பிக்கு ஊசி போட்டார். மடியில் தேங்கியிருந்த கெட்ட நீரைக் கறந்து வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு காம்பின் துளை வழியாகவும் மருந்தை ஏற்றினார். பெனிசிலின் என்றார். எல்லாம் முடிந்தபின் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "இத யாரு கறக்கது?"

"எங்க வீட்டுக்காரருதான். ஊரு மாடெல்லாம் அவுகதான் கறக்காக" என்றாள் வள்ளித்தாய், கொஞ்சம் பெருமையாகவே.

சொரிமுத்து கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். டாக்டர் கூப்பிட்டதும் வந்தான். எந்த வீட்டில் தொடங்குவான், எந்த வழியாகப் போவான், எந்தெந்த மாட்டுக்கு மடி வீங்கியது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கை கழுவுவீர்களா என்று கேட்டார். மழையில் நனைகிறது, வேட்டியில் துடைத்துக்கொள்வேன் என்றான்.

"காம்புல என்ன போடுவீங்க?"

வேட்டி மடிப்பிலிருந்து தகர டப்பாவை எடுத்துக் காட்டினான். டாக்டர் அதை வாங்கி மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் கலங்கி, அடியில் சளி மாதிரி ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

"நோய் இதுலதான் சவாரி போயிருக்கு. இந்த டப்பாவுலயும் ஒங்க விரல்லயும். நோய்வந்த காம்பைத் தொட்ட விரல இதுல முக்கி, அடுத்த மாட்டுக் காம்புல தடவியிருக்கீங்க. தினமும் ரெண்டு வேளை."

சொரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டான். செய்வினை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. மயிலை கால் உதறியது, அதன் கண், கயிற்றோடு சந்து முனை திரும்பியது, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பிச்சையா வாத்தியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும். ஒன்பது வீட்டுக்கும் தெரிந்தால்.

"தெரியாமச் செஞ்சது. இனிமே செய்யாதீங்க" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பொட்டலத்தில் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் பொடி கொடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு கை கழுவ வேண்டும். எண்ணெய் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்க வேண்டும். துணியில் வெள்ளைத் துகள் நின்றால் அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். "மடி வீங்காமலே நோய வச்சுக்கிட்டிருக்க மாடு உண்டு. பாத்தா நல்லாருக்கும், நல்லாக் கறக்கும். அப்படி ஒண்ணு ஒங்க சுத்துல முன்னாடி எங்கயோ இருக்கு. அதக் கண்டுபிடிச்சு வைத்தியம் பாக்கணும். இல்லன்னா ஒவ்வொரு மாடாப் போயிட்டே இருக்கும்."

மறுநாள் காலையில் வள்ளித்தாயின் பழைய கறுப்புச் சேலையில் கிழித்த துண்டோடு போனான். முதல் வீடு. கோமதியம்மாள் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கன்றை ஊட்டவிட்டு, மடி இறங்கியதும் கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, துணியை விரித்தான். முன்காம்பு இரண்டும் சுத்தம். பின்னால் வலது காம்பு சுத்தம். இடது காம்பிலிருந்து பீச்சிய பாலில், கசகசா தூவினது மாதிரி பொடிப்பொடியாகத் துகள்கள் கறுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றன.

அவன் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். "இன்னிக்கு என்ன சொரிமுத்து, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து கோமதியம்மாள் குரல் வந்தது. "இந்தா கறக்கேன் ஆச்சி" என்று கறக்கத் தொடங்கினான்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோமதியம்மாள் வீட்டு மாட்டுக்கு நோய் என்று யார் சொல்வது? அந்த மாட்டின் பாலில்தான் பூஜை. அதைக் கடைசியாகக் கறக்கிறேன் என்றால், சைதூன் பீவி வீட்டுக்கும் பிறகு என்றால், அந்த வார்த்தையை அவள் காதில் போடுகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? சந்து வீட்டைக் காலி செய் என்று சொன்னால், கறுப்பியை அவிழ்த்துக்கொண்டு எங்கே போவது?

அதனால் கழுவினான். முதல் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் சந்தில் மறைந்து நின்று, வள்ளித்தாய் வாளியில் கரைத்து வைத்திருந்த ஊதாத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினான். போதாது என்று தோன்றியது. மறுபடியும் கழுவினான். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் பொடியை அள்ளிப் போட்டான். விரலிடுக்குகளைத் தேங்காய்நாரால் தேய்த்தான். அடுத்துக் கறக்கிற மாட்டின் காம்பைத் தொடப்போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான். தயங்குகிற கைக்கு மாடு பால் இறக்காது. எந்த மாட்டிடமும் அவனுக்கு அப்படி ஆனதில்லை. சில நாட்களிலேயே கைகள் இரண்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறின. நகங்கள் கறுத்தன. தோல் பாளம்பாளமாக வெடித்து, வெடிப்பில் உணர்ச்சியே இல்லாமல் போயிற்று.

அந்தக் கைகளை ஊர் பார்த்தது.

முதலில் ஐந்தாவது வீட்டுக்காரி, "இனிமே எங்க தம்பியே கறந்துக்கிடுவான்" என்றாள். அதற்கடுத்த வீட்டில், அவன் வருவதைக் கண்டு பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் கிளாஸை நீட்டியபோது கடைக்காரர் வாங்காமல் மேஜையைக் காட்டினார். தெருமுனையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காற்றில் வந்து விழுந்தது. "பெருவியாதிதாம்லே. வெரலப் பாத்தியா?"

பெருவியாதி. தொழுநோயைச் சொல்லும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சொரிமுத்து கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டான். அதன் பிறகு தானே தன் விரல்களைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கத் தொடங்கினான். வெடித்த இடத்தில் வலிக்கவில்லை. உண்மையாகவே அதுதானோ? மருந்துக் கறை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நம்ப முடியவில்லை. வள்ளித்தாய் சோறு பிசைந்து வைத்தபோது தட்டைத் தள்ளி உட்கார்ந்தான். "நீ எங்கிட்ட வராத" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அவன் பயந்துதான் போனான்.

ஒன்பது வீடு நாலாகக் குறைந்தது. முதல் வீடு போகவில்லை. கோமதியம்மாள் அவன் கையைப் பார்த்தாளோ இல்லையோ, ஒன்றும் கேட்கவில்லை. அவன் அரையிருட்டில் வந்து அரையிருட்டில் போய்விடுவான். கடைசி வீடும் போகவில்லை.

சைதூன் பீவியின் கணவர் கொழும்பில் கடையில் இருந்தார். அவளும் ஒரு செவலை மாடும்தான் வீட்டில். ஒரு சாயங்காலம் கறந்து முடித்துச் செம்பை வைத்துவிட்டுத் திரும்பியவனை அவள் நிறுத்தினாள். "சொரிமுத்து, ஒங் கையக் காட்டு."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"காட்டுன்னு சொல்லுதேன்."

நீட்டினான். அவள் தொடாமல் குனிந்து பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள். "சாயப்பட்டறைக்காரன் கை மாதிரி இருக்கு. எங்க சின்னாப்பா கை இப்படித்தான் இருக்கும். என்னத்துல முக்குன?"

அவ்வளவு பேரிடமும் வராத வார்த்தை அவளிடம் வந்துவிட்டது. டப்பாவைச் சொன்னான், டாக்டரைச் சொன்னான், கறுப்புத் துணியைச் சொன்னான், முதல் வீட்டைச் சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். அவள் நடுவில் குறுக்கிடவில்லை.

"அப்பம் எம் மாட்டுக்கும் வந்திருக்கும்லா?"

"பீவிம்மா மாட்ட தினமும் துணியில பாக்கேன். இதுவரைக்கும் இல்ல. நாளைக்கு இருக்குமோ என்னமோன்னுதான் ஒவ்வொரு நாளும் வருதேன்."

அவள் செவலையின் முதுகைத் தடவினாள். அவள் முகத்திலும் பயம் ஏறுவதை அவன் பார்த்தான். அந்த மாட்டுப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. கொழும்பிலிருந்து எதுவும் ஒழுங்காக வருவதில்லை. "நீ போயி அந்த ஆச்சிகிட்டச் சொல்லிரு. தெருவே ஒன்னப் பாத்து ஓடுது. அதுக்கு மேல அவுக ஒரு ஆளு என்ன செஞ்சிருவாக?"

"வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாக."

"சொன்னா எங்க பின்கட்டு கெடக்கு. போ."

மறுநாள் மத்தியானம் போனான். கோமதியம்மாள் கிணற்றடிக் கூடத்தில் உட்கார்ந்து புளியில் கோது எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேளையில் அவன் வந்து நிற்கிறவன் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கறுப்புத் துணியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஆச்சி. நம்ம மாட்டுக்குப் பின்னால இடது காம்புல நோய் இருக்கு."

அவள் கை நின்றது. "என்ன சொன்ன?"

"மடிநோய். வீங்கல. உள்ளுக்குள்ள இருக்கு. அதுலருந்துதான்... எங் கை வழியா மத்த மாட்டுக்கெல்லாம் போயிருக்கு. மயிலைக்கும் அப்படித்தான்."

"எம் மாட்டுக்கு நீ கொண்டாந்தியா, எம் மாட்டுலருந்து நீ கொண்டு போனியா?"

"எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆச்சி. இப்பம் இங்கன இருக்கு."

அவள் எழுந்தாள். உயரமான பெண்மணி. அவன் இரண்டடி பின்னால் போனான். அவள் அவனைத் தாண்டித் தொழுவத்துக்கு நடந்தாள். "காட்டு" என்றாள்.

குத்தவைத்து உட்கார்ந்து, வெடித்த விரல்களால் இடது பின்காம்பைப் பிடித்துத் துணியில் பீச்சினான். துகள்கள் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. கோமதியம்மாள் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. முகம் சுளித்துத் துப்பிவிட்டு, புளிப்பானை மூடியைக் கையில் வைத்திருப்பதே தெரியாமல் நின்றாள்.

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். திட்டு வரவில்லை.

"ஆனி மாசத்துலருந்தே தயிரு சரியா ஒறையல" என்றாள், மெதுவாக, அடுக்களையில் இருந்த வேலைக்காரிக்குக் கேட்காத குரலில். "நூல் விட்டுது. நாந்தான் யாருக்கும் தெரியாம வாழைக்குக் கொட்டிட்டேன். அவுக தவறிப்போன வருஷமும் இப்படித்தான் மாடு கெட்டுச்சு. முதல்ல மாடு, பெறகு அவுக. இந்தத் தடவ யாரோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். எம் பெரிய மவன் வேற பட்டாளத்துல இருக்கான்."

சொரிமுத்து நிமிர்ந்து பார்த்தான். தன்னைப்போலவே இன்னொரு ஆள் பயந்துகொண்டிருந்தது, அதுவும் கோமதியம்மாள், அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இது கிருமி, ஆச்சி. டாக்டரு மருந்து இருக்குன்னு சொல்லுதாரு" என்றான்.

"டாக்டரப் பின்சந்து வழியா வரச் சொல்லு. முன்வாசல்ல சைக்கிள் நிக்கக் கூடாது."

"சரி ஆச்சி. அதுவரைக்கும்... கடைசியாத்தான் கறக்கணும். எல்லா மாட்டுக்கும் பெறகு."

கோமதியம்மாள் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். பிறகு, "பூஜைய விடியப் பண்ணணும்னு ஒரு சாஸ்திரமும் இல்ல. இனிமே ஒம்பது மணிக்கு மேல வச்சுக்கிடுதேன். நீ அப்பம் வந்தாப் போதும்" என்றாள்.

தெருவுக்கு அவள் சொன்ன கதை அதுதான்: பூஜை நேரத்தை மாற்றிக்கொண்டேன், அதனால் சொரிமுத்து கடைசியாக வருகிறான். அவன் கைகளைப் பற்றி யாரோ கேட்டபோது, "அது நான் வாங்கிக் குடுத்த மருந்து. மாட்டத் தொட முந்திக் கழுவணும்னு நாந்தான் சொல்லியிருக்கேன். ஒங்க வீட்டுலயும் வாங்கி வைங்க" என்றாளாம். அது பொய்தான். ஆனால் ஊர் நம்பியது. பத்தடி தள்ளிப் பேசியவர்களே அவனிடம் பெர்மாங்கனேட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். விட்டுப்போன வீடுகள் மழை நிற்பதற்குள் திரும்பி வந்தன. பிச்சையா வாத்தியார் வீட்டில் மட்டும் கறக்க மாடு இல்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது சொரிமுத்து நடையை எட்டிப் போடுவான்.

சிந்து மாட்டுக்கு அந்த இடது காம்பு போய்விட்டது. மருந்தில் மற்ற மூன்றும் பிழைத்தன. மூன்று காம்போடு அது அறுபத்தைந்து வரைக்கும் ஐந்து ஈத்து ஈன்றது. தெருவில் அதன் பேரே முக்காம்பு என்று ஆயிற்று. கறுப்பிக்கு இரண்டு காம்புதான் மிஞ்சியது. தரகர் கேட்டபோது வள்ளித்தாய் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். செவலைக்கு நோய் வரவேயில்லை. கோமதியம்மாள் தொழுவத்துக் கருங்கல்லை எடுத்துவிட்டு மணல் கொட்டினாள். பால் மறந்த மாசங்களிலும் தவிடு குறையாமல் போடச் சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள்.

சொரிமுத்துவின் கையில் கறை சீக்கிரமே போய்விட்டது. பயம் போகவில்லை. தினமும் துணியை விரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். பார்த்தபின்தான் விடுவான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, சாப்பிடுமுன் விரல்களை மூக்கருகில் கொண்டுபோய் முகர்வான். வள்ளித்தாய் முழங்கையால் இடிப்பாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், சாரல் தொடங்கிய சமயத்தில், பிச்சையா வாத்தியார் மறுபடியும் ஒரு மாடு வாங்கினார். ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். வாத்தியாரும் மூத்த மகளும் குடை பிடித்துக்கொண்டு கயிற்றோடு தெருமுனைக்கு வந்தபோது, சொரிமுத்து நடுத்தெருவில் வந்து நின்றான்.

"கொஞ்சம் நில்லுங்க, அண்ணாச்சி."

"என்னவே? மழையில நிப்பாட்டுத?"

"தொழுவத்துக்குள்ள விட முந்தி ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"வீட்டுல போயிப் பாக்கப்பிடாதா?"

"இல்ல, அண்ணாச்சி. இங்கனயே பாக்கணும்."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர் குரலை உயர்த்தி, "நேத்து வரைக்கும் எதுக்க நின்னு பேசாத ஆளு, இன்னிக்கு எம் மாட்டத் தடுக்கியா?" என்று கேட்டார். சொரிமுத்துவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவன் வழியை விட்டு நகரவில்லை. வாத்தியாரின் மகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "பாக்கட்டும்ப்பா. மயிலைய மாதிரி ஆயிரக் கூடாது."

மயிலை என்ற பேரைக் கேட்டதும் அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். வாத்தியாருக்கு எவ்வளவு தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குடையை மாட்டின் பின்பக்கமாக நகர்த்திப் பிடித்தார், துணி நனையாதபடிக்கு.

சொரிமுத்து குத்தவைத்து உட்கார்ந்து, புது மாட்டின் விலாவில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தான். அது மூச்சை இறக்கியது. முன்காம்பு இரண்டும் சுத்தம். பின்காம்பு வலது சுத்தம். இடது காம்பிலிருந்து பீச்சியபோது கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தான். ஈரக் கறுப்புத் துணியில் பால் வழிந்து ஓடியது. ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் ஒரு தடவை பீச்சிப் பார்த்தான்.

"ஓட்டிட்டுப் போங்க, அண்ணாச்சி" என்று எழுந்து வழிவிட்டான்.